சட்டத்தரணியின் பெயரோடு கோப்பையும் கொடுத்தனுப்புங்கள்: கிழக்கின் கிராமச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கமக்காரர் அமைப்புகள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபைகள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம், ஸலாம்.

ஊரில் ஒருவருக்குக் கோட்டுக் கடிதம் வந்தால் அவர் முதலில் வருவது உங்களிடம்தான். சொப்பிங் பைக்குள் நாலாக மடித்த அழைப்பாணையும் மங்கிப்போன உறுதியின் போட்டோக் கொப்பியும் இருக்கும். "ஆரைப் பிடிச்சா நல்லம்?" என்று கேட்பார். நீங்களும் நல்ல மனதோடு ஒரு பெயரைச் சொல்வீர்கள். அடுத்த நாள் அவர் படுவான்கரையிலிருந்தோ வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ பஸ் ஏறி அந்தப் பெயரைத் தேடிப் போவார்.

அந்த ஒரு பெயர் போதாது என்பதால்தான் இதை எழுதுகிறோம். நல்ல வழக்குகள் தோற்பதை நாங்கள் பார்த்த வரையில், சட்டத்தரணி கெட்டிக்காரர் இல்லை என்பதால் தோற்றவை குறைவு. கட்சிக்காரர் காலம் கடந்து போயிருப்பார், பிழையான வாசலுக்குப் போயிருப்பார், வெறுங்கையோடு போயிருப்பார், அல்லது எதில் கையெழுத்து வைத்தோம் என்றே தெரியாமல் திரும்பியிருப்பார். இந்த நான்கையும் உங்கள் சங்க மண்டபத்திலேயே திருத்தலாம். அதற்குச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

முதலில் திகதியைப் பாருங்கள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசிக்குமுன், அது எந்த நாளில் கைக்கு வந்தது, எந்த நாளில் கோட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். தபால்காரர் கொண்டுவந்த பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நிற்காது. கோட்டுக் கட்டளைகளைச் சேர்ப்பிக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். எதிராளி வராவிட்டால், அல்லது 'ஆன்சர்' என்று கோட்டில் சொல்லும் மறுமொழியைக் குறித்த நாளில் போடாவிட்டால், வழக்கு ஒருதலைப்பட்ச விளக்கத்துக்குப் போகும். வழக்காளி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பாணை எதிராளிக்குச் சேர்ப்பிக்கப்பட்ட பின் அதை நீக்கும்படி கேட்க 14 நாட்கள்தான் உண்டு. அதற்குள்ளும் ஏன் வரவில்லை என்பதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். ஆகவே தீர்ப்பாணை கையில் கிடைத்த ஒருவர் உங்களிடம் வந்தால், அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவோம் என்று சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே ஆளை அனுப்புங்கள்.

வழக்குப் போட நினைப்பவருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. எழுத்தில் செய்த ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம், கடைக்கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கொடுத்த சாமானுக்கு 1 வருடம், விபத்துக்கும் உடைமைச் சேதத்துக்கும் நட்டஈடு கேட்க 2 வருடம். காணியிலிருந்து வலோற்காரமாக எழுப்பப்பட்டவர், உரித்தைப் பற்றிப் பேசாமல் உடைமையை மட்டும் திருப்பிக் கேட்கும் வழக்கென்றால் 1 வருடத்துக்குள் போட வேண்டும். இவற்றில் ஆட்கள் அதிகம் தவறவிடுவது விபத்து நட்டஈட்டைத்தான். சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போட்ட வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று குடும்பம் காத்திருக்கும். அது முடிவதற்குள் இரண்டு வருடமும் போய்விடும். அந்த வழக்கு வேறு, மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டிய நட்டஈட்டு வழக்கு வேறு. ஒன்றுக்காக மற்றது காத்திருக்காது.

அரச அதிகாரி ஒருவர் அடிப்படை உரிமையை மீறினார் என்றால் காலம் இன்னும் சுருங்கும். உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனுப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு.

காணியில் 10 வருடம் சொந்தக்காரருக்கு எதிரிடையாக இருந்தவருக்கு உரித்து வரும் விதியால் இடம்பெயர்ந்தவர்கள் பாதிக்கப்படக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றியது அது. யுத்தத்தில் காணியை விட்டு ஓடிய எவராயினும், அந்தச் சட்டம் தனக்குப் பொருந்துமா, அதன் அவகாசம் இன்னும் உண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

அடுத்தது வாசல். எல்லாப் பிணக்கும் கோட்டுக்குரியதல்ல, கோட்டுக்குரியவையும் ஒரே கோட்டுக்குரியவையல்ல. வயலைக் குத்தகைக்குச் செய்கிறவரை எழுப்பிவிட்டால் முதல் வாசல் கமநல அபிவிருத்தித் திணைக்களம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அந்த முறைப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியின் உரித்து அரசிடம்தான் இருக்கிறது. கல்லோயாத் திட்டத்திலும் அதையொட்டிய குடியேற்றங்களிலும் இப்படிப்பட்ட காணி ஏராளம். அதைப் பிள்ளைகளுக்குள் பங்கு பிரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் பங்கு வழக்குப் போட்டால் காசும் காலமும்தான் கரையும். பேர்மிட்காரருக்குப் பின் காணி யாருக்கு, அதாவது பின்னுரித்தாளர் யார் என்ற கேள்வி பிரதேச செயலகத்துக்குரியது. முஸ்லிம் குடும்பங்களின் தாபரிப்பும் விவாகரத்தும் காழி நீதிமன்றத்துக்குப் போகின்றன. அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது. சிறிய கடன் பிணக்குகள் பலவற்றை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோய், அங்கே தீராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் எடுத்த பிறகுதான் வழக்குப் போடலாம். நீங்கள் இணக்கசபை என்று சொல்வது அதைத்தான். அங்கும் சட்டத்தரணி வேண்டாம். வேண்டியது ஒழுங்கான ஆவணம்.

நம் ஊர்களில் அதிகம் அடிபடுவது 'அறுபத்தாறு கேஸ்'. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு அது. வேலிச் சண்டை கைகலப்பாகிவிடும் என்ற நிலையில் பொலிஸ் கோட்டுக்கு அறிக்கை கொடுக்கும். பாதிக்கப்பட்டவர் தானே சத்தியக்கடதாசியோடு போகவும் முடியும். இங்கே காணி யாருடையது என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. தகவல் தாக்கல் செய்த அன்று யார் உடைமையில் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது வலோற்காரமாக எழுப்பப்பட்டாரா என்பதையே பார்க்கும். உறுதி இருக்கிறது என்ற தைரியத்தில் மூன்றாம் மாதம் போகிறவர் இந்த வழியை இழந்துவிடுவார். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் நடக்க வேண்டும். அறுபத்தாறு கேஸில் வெல்ல வைப்பது அன்றாடக் காகிதங்கள்: ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, உரமானியப் பட்டியலில் பெயர், மின்பட்டியல், வெள்ளாமை வெட்டிய மெஷினுக்குக் கொடுத்த காசுத் துண்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கமும் பிரதியும். கமக்காரர் அமைப்புகளே, இவற்றில் பாதி உங்கள் அலுமாரியில்தான் இருக்கின்றன. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும்படி போகத்துக்குப் போகம் அடுக்கி வையுங்கள்.

இனிச் சட்டத்தரணியைத் தெரிவது. பழைய ஆட்கள் அப்புக்காத்து, பிறக்கிராசி என்று பிரித்துச் சொல்வார்கள். 1970களில் அந்தப் பிரிவு சட்டத்தில் எடுபட்டு எல்லோரும் சட்டத்தரணி ஆனார்கள். வேலையில் மட்டும் அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. உங்களுக்காகப் பத்திரங்களில் கையெழுத்து வைத்துத் தாக்கல் செய்பவர் ஒருவர். அவரைப் பதிவுச் சட்டத்தரணி என்போம். விளக்க நாளில் எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்பவர் இன்னொருவராக இருக்கலாம். அவரைக் கவுன்சல் என்போம். சில வழக்கில் இரண்டும் ஒருவரே. ஆகவே முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது: "விளக்கத்துக்கு நிற்கப்போவது நீங்களா, வேறொருவரா? அவருக்கு அன்றைக்கு வேறு கோட்டில் வழக்கிருந்தால் என்ன செய்வீர்கள்? அந்தத் தவணைக்கும் நான் காசு கட்ட வேண்டுமா?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. நல்ல சட்டத்தரணி இதற்கு நேராகவே பதில் சொல்வார்.

ஆளின் திறமையை அறிய ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. நீதிமன்றம் திறந்த மன்று. மட்டக்களப்போ, கல்முனையோ, வாழைச்சேனையோ, களுவாஞ்சிக்குடியோ, அக்கரைப்பற்றோ, வழக்கு எந்தக் கோட்டில் விழுமோ அங்கே ஒரு காலை நேரம் பின்வாங்கில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, ஒழுங்கான உடுப்போடு போனால் போதும். வழக்கைக் கூப்பிட்டவுடன் கோப்பைத் திறந்து பதில் சொல்பவர் யார், ஒவ்வொரு வழக்கிலும் தவணை கேட்பவர் யார், நீதிபதி ஒரு திகதியைக் கேட்டால் உடனே சொல்ல முடிகிறவர் யார், சாட்சியிடம் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்பவர் யார் என்பது இரண்டு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். சத்தமாகப் பேசுவதைத் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காணி வழக்கு பெரும்பாலும் உறுதியையும் வரைபடத்தையும் வரிக்கு வரி வாசிக்கிறவரின் கையில்தான் நிற்கிறது.

அந்தக் கோட்டில் கிழமைக்குப் பலமுறை நிற்கிறவரைப் பிடிப்பது நல்லது. தூரத்திலிருந்து வரும் பெரிய பெயர் ஒவ்வொரு அழைப்புத் தவணைக்கும் வரமாட்டார். வழக்கு நகர்வது அந்தத் தவணைகளில்தான். பெரியவர் தேவைப்பட்டால் விளக்கத்துக்குக் கவுன்சலாக அழைக்கலாம், பதிவுச் சட்டத்தரணி உள்ளூரவராக இருக்கட்டும். மொழியும் ஒரு காரணம். கிழக்கில் தமிழில் வழக்குரைக்கவும் ஆவணம் தாக்கல் செய்யவும் அரசியலமைப்பு இடம் தருகிறது. வழக்கு சிங்களத்தில் நடக்கும் மன்றில் விழுந்தால் உரைபெயர்ப்புக் கேட்கும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்கித் தருகிறவரா என்று பாருங்கள்.

சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். சட்டத்தரணி எதிர்த்தரப்புக்கு மச்சானாக இருக்கலாம், முன்னர் அவர்களுக்கு வழக்குப் பேசியிருக்கலாம். இதைக் கேட்டுத் தெளிவாக்குங்கள். இதைவிட முக்கியமானது, பிணக்கிலுள்ள உறுதியை நொத்தாரிசாக எழுதியவர் அவரேயா என்பது. காணி உறுதி செல்லுபடியாக நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அந்த உறுதி பொய் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் நொத்தாரிசையே சாட்சிக் கூட்டில் ஏற்ற வேண்டிவரும். சாட்சியாக ஏற வேண்டியவர் உங்கள் வழக்கைப் பேச முடியாது. "எழுதினவர் அவர்தான், அவருக்கே எல்லாம் தெரியும்" என்று உங்கள் ஆட்கள் நேரே அவரிடம் போவது அதனால்தான் பிழையாகிறது.

யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் சொல்லும் சட்ட ஆலோசனையை இங்கே அப்படியே பிடிக்க வேண்டாம். தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வடமாகாணத் தமிழருக்குரியது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரின் காணிக்கு காணியை முதலில் பங்காளிக்கே விற்கக் கேட்க வேண்டும் என்ற அதன் முன்னுரிமையும் சீதன விதியும் பொருந்தாது. இங்கே மகளுக்குச் சீதன உறுதி எழுதினால் அது சாதாரண சட்டத்தின் கீழ் நிற்கும் ஒரு உறுதி, அவ்வளவுதான்.

கோட்டு வாசலில் "நல்ல லோயர் வேணுமா?" என்று கையைப் பிடிக்கும் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுங்கள். ஆள் பிடித்துத் தொழில் செய்வது, 1988இல் உயர் நீதிமன்றம் வகுத்த சட்டத்தரணிகளின் நடத்தை விதிகளுக்கே முரண். "உங்களுக்கு நிச்சயம் வெற்றி" என்பவரிடமிருந்தும் எழும்பி வரலாம். கைவசம் காசு இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. வருமானத்தைப் பார்த்துச் சட்டத்தரணியைத் தருவார்கள். மட்டக்களப்பில் அதன் நிலையம் உண்டு. கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதத்தோடு அனுப்பினால் வீண் அலைச்சல் குறையும்.

இப்போது இந்த மடலின் நடுப்பகுதி, புறொக்சி, அதாவது சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரம். இதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. ஆனால் வழக்கின் ஆணிவேர் இதுதான். ஒரே ஒரு தாள். மேலே நீதிமன்றத்தின் பெயர், அதன்கீழ் வழக்கிலக்கம், வழக்காளியின் பெயர், எதிராளியின் பெயர். நடுவில் இன்னாரை என் சட்டத்தரணியாக நியமிக்கிறேன் என்ற வாசகம். அடியில் திகதியும் கையெழுத்தும், அல்லது பெருவிரல் அடையாளமும். 1889இன் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவின்படி இது கோட்டில் தாக்கலான நிமிடத்திலிருந்து உங்களுக்காகப் பத்திரம் போடும் அதிகாரம் அந்தப் பெயருக்குரியவருக்குத்தான். அவருடைய புறொக்சி கோவையில் இருக்கும்வரை வேறு சட்டத்தரணி கையெழுத்திட்டுத் தாக்கல் செய்வது செல்லாது. கட்சிக்காரர் தானே தாக்கல் செய்வதும் செல்லாது. தோற்ற கோபத்தில் வேறொரு சட்டத்தரணியிடம் ஓடி, பழைய புறொக்சியை நீக்காமலே மேன்முறையீட்டு அறிவித்தல் போட்டு, உள்ளடக்கம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த ஒரு காரணத்தாலேயே அது தள்ளுபடியாவது உண்டு.

ஆகவே சட்டத்தரணியை மாற்ற விரும்பினால் ஒழுங்கு இதுதான்: பழைய புறொக்சியை நீக்கும் நகர்த்தல் பத்திரத்தில் கட்சிக்காரர் கையெழுத்திட வேண்டும், நீதிமன்றத்தின் அனுமதி கிடைக்க வேண்டும், பிறகே புதிய புறொக்சி தாக்கலாக வேண்டும். பழையவரோடு சண்டை பிடிக்காமல், கட்டணக் கணக்கை முடித்து, கோப்பைக் கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு வந்தால் இது ஒரு தவணைக்குள்ளேயே முடியும். புறொக்சி மரணத்தோடும் முடிகிறது. கட்சிக்காரர் இறந்தால் மரணச் சான்றிதழோடு அந்தக் கிழமையே சட்டத்தரணியிடம் சொல்லிப் பிள்ளைகளை வழக்கில் பதிலீடு செய்ய வேண்டும். சட்டத்தரணி இறந்தாலும் அந்தப் புறொக்சி செத்த காகிதம்தான்.

வெறும் புறொக்சித் தாளில், இலக்கமும் பெயரும் எழுதாமல், கையெழுத்து வைக்க வேண்டாம். வெறும் சத்தியக்கடதாசியிலும் வேண்டாம். வாசிக்கத் தெரியாதவர் என்றால் சமாதான நீதவான் முன்னால் வரிக்கு வரி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது சட்டம் எதிர்பார்க்கும் காரியம். மாதர் சங்கத்திலிருந்து ஒரு பெண் கூடப் போனால் "வாசிச்சுக் காட்டுங்கோ ஐயா" என்று கேட்கும் துணிவு தானாக வரும்.

காசு. தாக்கலுக்கு எவ்வளவு, வெறுமனே கூப்பிடும் தவணைக்கு எவ்வளவு, விளக்கத் தவணைக்கு எவ்வளவு, கவுன்சலுக்குத் தனியா, முத்திரை, பதிவகம், நில அளவையாளர் செலவு யாருடையது என்று பிரித்துக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். பங்கு வழக்கு என்றால் முதலிலேயே மனதைத் தயார்படுத்துங்கள். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கு நிலுவை அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும், நில அளவையாளரிடம் ஆணை போகும், ஆரம்ப வரைபடம் வரும், இடைக்காலத் தீர்ப்பாணைக்குப் பின்னர் இறுதி வரைபடம் வரும். செலவு ஒரேயடியாக வராமல் படிப்படியாக வரும். வம்சாவழியில் ஒரு பங்குக்காரரை விட்டால், வெளிநாட்டில் இருக்கிற பெரியம்மாவின் மகனாயிருந்தாலும், வழக்கு நடுவழியில் நின்று பின்னால் போகும்.

கோப்பு. இதை நீங்கள் கட்டிக் கொடுங்கள், பெயரைச் சொல்வதைவிட இது பெரிய உதவி. சாதாரண மட்டைக் கோப்பு போதும். முதல் தாளில் நாள்வாரியாக நடந்தவை, ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி, கோபமும் வசவும் இல்லாமல். "2019 மாசியில் தகப்பன் இறந்தார்", "2021 ஆவணியில் வடக்கு வேலி பிடுங்கப்பட்டது" என்பதுபோல். இரண்டாம் தாளில் ஆட்களின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், இப்போதைய முகவரி. அதன்பின் ஆவணங்களின் பிரதிகள், பழையதிலிருந்து புதியதுக்கு, ஒவ்வொன்றுக்கும் மூலையில் இலக்கம். கடைசியில் யார் எதற்குச் சாட்சி சொல்வார் என்ற பட்டியல்: கண்ணால் கண்டவர் மட்டும்.

மூல உறுதியைச் சட்டத்தரணியிடம் விட்டு வரவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. பிரதி போதும். மூலம் தேவைப்படும் நாளில் கையோடு கொண்டுபோகலாம். விட்டு வந்தால் "இன்ன உறுதி பெற்றுக்கொண்டேன்" என்ற துண்டு வாங்கி வாருங்கள். சூறாவளியிலும் 1990 இடப்பெயர்விலும் 2004 கடற்கோளிலும் உறுதி தொலைந்தவர்கள் மனம் விட வேண்டியதில்லை. நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டக் கடமை. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள். அதன் எல்லைகளில் உங்கள் ஆளின் தகப்பனுடைய பெயர் இருக்கும், அங்கிருந்து பதிவேட்டின் பக்கத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிய "விற்பனை" காணியை மாற்றாது. அதை ஒளிக்காமல் சட்டத்தரணியிடம் காட்டச் சொல்லுங்கள். பலவீனமான காகிதம் எதிர்த்தரப்பின் கையிலிருந்து முதல்முறை வெளிவருவதுதான் ஆபத்து. சாட்சிகளின் பெயரும் ஆவணங்களும் விளக்கத்துக்கு முன்னரே பட்டியலாகக் கோட்டில் போட்டிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாததைப் பிறகு கொண்டுவர நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். "விளக்க நாளில் கொண்டு வாறன்" என்பது அதனால் பிந்திய பேச்சு.

ஒவ்வொரு தவணை முடிந்தும் கட்சிக்காரர் தன் கொப்பியில் நான்கு விடயம் எழுத வேண்டும்: வழக்கிலக்கம், இன்று என்ன நடந்தது, அடுத்த திகதி, அடுத்த திகதி எதற்காக. கடைசியைத்தான் யாரும் கேட்பதில்லை. அழைப்பா, மறுமொழிக்கா, விளக்கமா, கட்டளைக்கா என்பதைப் பொறுத்து யார் யார் போக வேண்டும் என்பது மாறும். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் விளக்கத் தவணை விழுந்தால் சட்டத்தரணியிடம் திகதி குறிக்கும்போதே சொல்ல வேண்டும். விழுந்தபின் போகாமல் விட்டால் வழக்காளியின் வழக்கு தள்ளுபடியாகும்.

சமாதானமாக முடிக்கலாம் என்று இரு தரப்புச் சட்டத்தரணிகளும் பேசினால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. ஆனால் நிபந்தனைகளை முழுதாக வாசித்து, வரைபடத்தில் கோடு எங்கே விழுகிறது என்று விரலால் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். சம்மதத் தீர்ப்பைப் பிறகு கலைப்பது மிகக் கடினம். தீர்ப்பு நாளில் கட்சிக்காரர் கட்டாயம் மன்றில் இருக்க வேண்டும். குடியியல் வழக்கில் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், அதில் ஞாயிறும் பொது விடுமுறையும் கழியும். மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து 60 நாள், அதில் எதுவும் கழியாது. இரண்டையும் போட வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் தமக்காகச் செயற்பட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்பி மாமாவையோ சித்தியையோ வழக்கு நடத்தச் சொல்கிறார்கள். அது இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தப்பட்டு இங்கே பதிவாகியிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்தது. தத்துவம் பெற்றவர் புறொக்சியில் கையெழுத்திடலாம். தான் காணாத ஒன்றைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. காணியில் இருந்து வளர்ந்தவர் கனடாவில் இருந்தால், விளக்கத்துக்கு அவர் வர வேண்டிவரும் என்று பயணச்சீட்டு மலிவாயிருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை ஒருமுறை வாசியுங்கள். சங்கக் கட்டடத்தில் ஐந்து மட்டைக் கோப்பும் ஒரு துளையிடும் கருவியும் ஒரு திகதிக் கொப்பியும் வாங்கி வையுங்கள். வாசிக்கத் தெரிந்த, வாய் காக்கத் தெரிந்த இருவரை, ஒரு ஆண், ஒரு பெண், இதற்கென்று நியமியுங்கள். கோட்டுக் காகிதத்தோடு வருகிறவரிடம் அவர்கள் முதலில் கேட்க வேண்டியது: "இது எப்ப கிடைச்சது?"

இங்ஙனம்,
நீதிமன்றக் கோப்புகளோடு புழங்குகிற சிலர்,
மட்டக்களப்பு